அஞ்சு நூல் இரும்புக் குண்டு

விளாத்திகுளம் பக்கத்து வள்ளிமயிலுக்கு இருப்பது ஒரே ஒரு கண். இன்னொன்றை இருபது வயதில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, பிடுங்கும்போது குச்சி குத்திப் பறிகொடுத்துவிட்டார். மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்தபோது அதை அளந்து எண் எழுதியவள் நான். ஒரு தடவை சரியாக எழுதினேன். இன்னொரு தடவை தப்பாக எழுதினேன். தப்பாக எழுதியதற்குத்தான் ஆஸ்பத்திரி வாசலில் பேனர் கட்டினார்கள்.

என் பெயர் சுதாராணி. கோவில்பட்டியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் பதினோரு வருசமாகக் கண் பரிசோதிக்கிறேன். தினமும் கடம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். இந்த வேலைக்கென்று நாலு வருசம் கல்லூரியில் படித்தவள் என்பது ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடம்பூர்க்காரி, சொல்லிவிட்டால் போளி வாங்கி வருவாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புரை ஆபரேசன் என்றால் கண்ணுக்குள் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பது. எந்த நம்பர் லென்ஸ் வைப்பது என்று முடிவு செய்யக் கருவிழி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கருவிழியில் டேப் வைத்து அளக்க முடியாது. அதனால் அதையே கண்ணாடியாக வைத்து அளக்கிறோம். சில்வர் செம்பில் முகம் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகலமான செம்பில் முகம் பெரிதாகத் தெரியும், சின்னச் செம்பில் சிறுத்துத் தெரியும். வளைவு கூடக்கூடப் பிம்பம் சிறுக்கும். கண்ணும் அப்படித்தான். மெஷினிலிருந்து ஒரு வெளிச்ச வளையம் போய்க் கருவிழியில் பட்டுத் திரும்பி வரும். அதன் அளவைப் பார்த்து வளைவைச் சொல்லிவிடலாம்.

மெஷினுக்குக் கெரட்டோமீட்டர் என்று பெயர். பக்கத்துக்கு ஒரு குமிழ் உண்டு. இடது குமிழைத் திருகினால் படுக்கை வாட்டத்து வளைவு, வலது குமிழைத் திருகினால் நெட்டுவாட்டத்து வளைவு. ஒவ்வொரு குமிழையும் சுற்றி, அதோடு சேர்ந்தே சுழலும் ஓர் எண் வளையம் இருக்கும், அதில் வருகிற எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கண் பந்து மாதிரி உருண்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அதிகம் வித்தியாசப்பட்டால் முட்டை மாதிரி நெளிந்திருக்கிறது. அந்த நெளிவுக்கு நாங்கள் சிலிண்டர் என்று சொல்வோம்.

வள்ளிமயில் முதலில் வந்தது ஆவணியில். ஐம்பத்தெட்டு வயது, சொந்தமாக நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, மிளகாயும் பருத்தியும். தாடையை மெஷினில் வைத்து உட்கார வைத்தேன்.

"அசையாம உள்ள பாருங்க, பெரியம்மா. என்ன தெரியுது?"

"மங்கலா ஒரு கண்ணு தெரியுது. எங்கண்ணு மாதிரித்தான் இருக்கு."

"அதேதான். அதையே பாத்துக்கிட்டு இருங்க."

"எங்கண்ண நான் பாத்து என்ன செய்ய? நீ பாக்கத்தான இம்புட்டுத் தூரம் வந்தேன்."

படுக்கை வாட்டம் நாற்பத்திநாலு, நெட்டுவாட்டம் நாற்பத்திநாலேகால். அழகான உருண்டைக் கண். அந்த வயதில், அந்த வெயிலில், அப்படி ஒரு கண் கிடைப்பது எனக்கே சந்தோசமாக இருந்தது. அடுத்த வாரம் ஆபரேசன் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஆபரேசன் ஆனா எத்தன நாள் காட்டுக்குப் போகக் கூடாது?"

"ஒரு மாசம்."

"அப்ப விதைப்ப முடிச்சுட்டு வாரேன். மழை எனக்காவக் காத்துக் கெடக்காது. புரை காத்துக் கெடக்கும்."

இதைச் சொன்னது அவர் மட்டும் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் எங்கள் பக்கம் யாரும் ஆபரேசனுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். முகாம் போட்டால் வருவார்கள், அளவு கொடுப்பார்கள், கார்த்திகைக்குத் தேதி வாங்கிக்கொண்டு விதைக்கப் போய்விடுவார்கள். இது தெரியாத டாக்டர் யாராவது வந்தால் ஐப்பசி முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான்.

எங்கள் டாக்டர் நந்தகோபாலுக்கு இது தெரியும். உள்ளூர்க்காரர், கையும் சுத்தமான கை. அவர் செய்த ஆபரேசனில் குறை சொல்ல எனக்கே வாய் வராது, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஆபரேசன் தியேட்டருக்குள் வந்து பொன்னாடை போர்த்த யாரும் இல்லை என்பது அவருக்கு ஒரு மனக்குறை. அதைத் தீர்த்துக்கொள்ள ஊரில் எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாத சங்கத்துக்கு நன்கொடை அனுப்பிக் கூப்பிட வைப்பார்.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு அவர் ஒரு போட்டோகிராபரை வரவழைத்தார். "எல்லா மெஷினும் பளபளன்னு இருக்கணும்" என்று ஓர் உத்தரவும் போட்டார். உத்தரவு போய்ச் சேர்ந்தது பேச்சிராஜா அண்ணாச்சியிடம். ஆஸ்பத்திரி அட்டெண்டர், ஐம்பது தாண்டியவர். அதற்கு முன்னால் இருபது வருசம் தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் துடைத்தவர். சுத்தம் என்று சொல்லிவிட்டால் மனிதருக்குச் சாமி வந்துவிடும். போன வருசம் வரைக்கும் எல்லா மெஷினிலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவதோடு சரி. இந்த வருசம் பூஜைக்கு முதல் நாளே வாளி, சோப்புத்தூள், பழைய பல் பிரஷ்ஷோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் என் மெஷின் கல்யாணப் பெண் மாதிரி நெற்றியில் புதுப் பொட்டு வைத்துக்கொண்டு மின்னியது. போட்டோவும் நன்றாக வந்திருந்தது.

பூஜை முடிந்த முதல் வாரம் முகாமில் ஒன்பது பேரை அளந்தேன். ஒன்பது பேருக்கும் சிலிண்டர். எல்லோருக்கும் நெட்டுவாட்டத்தில் ரெண்டு எண் கூடுதல். அடுத்த வாரம் பதினாலு பேர், பதினாலு பேருக்கும் அதே கதை. வயதானவர்களுக்கு நெளிவு வந்தால் பெரும்பாலும் படுக்கை வாட்டத்தில்தான் வரும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் போய், "சார், எல்லாருக்கும் சிலிண்டரா வருது" என்று மட்டும் சொன்னேன், அதையும் மெல்லிய குரலில் சொன்னேன். நான் மெஷின்மேல் சந்தேகப்பட்டுச் சொன்னேன். அவர் மனிதர்கள்மேல் சந்தேகப்பட்டுக் கேட்டுக்கொண்டார்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பத்து நாளில் ஒரு சங்கக் கூட்டத்தில் பேசினார். "கரிசல்காட்டு மனிதன் தலைமுறை தலைமுறையாக மழைக்காக வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியவன். சுருக்கிச் சுருக்கி, இமை அழுத்தி அழுத்தி, அவனுடைய கருவிழியே நெளிந்துவிட்டது. இதற்கு நான் 'கரிசல் கண்' என்று பெயர் வைத்திருக்கிறேன்." கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் நகைக்கடைக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும். குடை எடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தவிர வேறு காரணத்துக்கு அவர்கள் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களும் பக்கத்தில் இருந்தவரின் கண்ணைக் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டருக்கு ரெண்டு பொன்னாடை கிடைத்தது.

சிலிண்டர் உள்ளவர்களுக்கென்று தனி லென்ஸ் உண்டு. கண் நெளிந்திருந்தால் அது நெளிவை நேராக்கும். நெளியாத கண்ணில் வைத்தால் நேராக இருப்பதை நெளித்துவிடும், எதைப் பார்த்தாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரியும். விலையும் அதிகம். டாக்டர் காசுக்காகச் செய்தார் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும், முதல் இருபது பேருக்கு இலவசமாக வைப்பதாக மேடையிலேயே அறிவித்துவிட்டார். காசுக்கு ஆசைப்படுகிற டாக்டரை வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இலவசமாகக் கொடுக்கிறவரிடமிருந்து எங்கள் ஊரில் யார் தப்பிப்பது?

லென்ஸ்கள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தன. கார்த்திகையில் விதைப்பு முடிந்து முதலில் வந்து நின்றவர் வள்ளிமயில். காலையில் அளந்ததில் அவருக்கும் சிலிண்டர் வந்தது. முதல் கரிசல் கண் ஆபரேசன் அவருக்குத்தான் என்று முடிவாகி, மறுநாள் காலைக்கு நாள் குறித்து, வாசலில் பேனரும் ஏறியது. பேனரில் டாக்டர் படம் பெரிதாக இருந்தது. வள்ளிமயில் படம் இல்லை. அவர் கண் மட்டும் இருந்தது, அதுவும் இணையத்தில் எடுத்த யாரோ ஒரு வெள்ளைக்காரியின் கண்.

அன்று மதியம், ஆபரேசனுக்கு முன் சரிபார்க்க அவரைத் திரும்ப அளந்தேன். நாற்பத்திநாலு, நாற்பத்தியாறேகால். வழக்கம்போல எழுதிவிட்டு, அவருடைய பழைய சீட்டை உள்ளே சொருகப் போனேன். என் கையெழுத்துதான். நாற்பத்திநாலு, நாற்பத்திநாலேகால்.

திரும்ப உட்கார வைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நாற்பத்தியாறேகால். மூணு மாசத்தில் கரிசலில் மிளகாய் பூத்துவிடும், ஆனால் ஐம்பத்தெட்டு வருசம் உருண்டையாக இருந்த கண் முட்டையாகாது. பூஜைக்குப் பிறகு நான் எழுதின எல்லாச் சீட்டும் கண்முன் வந்து நின்றது. அத்தனை பேரிலும் பூஜைக்கு முன்னால் அளந்த சீட்டு இவர் ஒருத்தருக்குத்தான் இருந்தது. இவர் ஆவணியில் வராமல் இருந்திருந்தால் என் சந்தேகமும் அப்படியே அமுங்கிப் போயிருக்கும்.

டாக்டர் மேடைப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ரெண்டு சீட்டையும் காட்டினேன். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆவணியில நீ தப்பா அளந்திருப்ப, சுதா."

பதினோரு வருசத்தில் அவர் என் அளவைச் சரி என்று பாராட்டியதும் இல்லை, தப்பு என்று சொன்னதும் இல்லை. முதல் தடவையாகத் தப்பு என்றார், அதுவும் நான் சரியாக அளந்ததற்கு. எனக்கு வந்த கோபத்தில் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நின்று பேசியிருந்தால் வேலை அன்றைக்கே போயிருக்கும்.

மெஷினைச் சோதிக்க வழி உண்டு. அளவு தெரிந்த ஓர் இரும்புக் குண்டைக் கண் இருக்கிற இடத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். இந்த மெஷினோடும் ஒரு சோதனைக் குண்டு வந்ததாகக் கையேட்டில் போட்டிருக்கிறது. கையேடு பத்திரமாக இருக்கிறது. எங்கள் கல்லூரியில் குண்டு தொலைந்தபோது வாத்தியார் பேரிங் கடையில் வாங்கி வரச் சொன்னது ஞாபகம் வந்தது. அரை மணி நேரம் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிராக்டர் சாமான் விற்கிற கடற்கரை அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அஞ்சு நூல் பால்ஸ் ஒண்ணு வேணும்." எங்கள் ஊர்ப் பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம்.

"எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்ல. கண்ணுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணொண்ணா குடுக்கதில்ல. டஜனாத்தான்."

"டஜன் வச்சு என்ன செய்ய, அண்ணாச்சி? ஆளுக்கு ரெண்டு கண்ணுதான இருக்கு. அந்த அம்மாவுக்கு அதுவும் இல்ல."

"சரி, எடுத்துக்கோங்க. புதுசு, ஒரு கீறல் இருக்காது. கிரீஸ்ல கெடக்கு, கண்ணுல வைக்கதுக்கு முந்தி நல்லாத் தொடச்சிருங்க."

குண்டு கிடைத்தது, அதை மெஷினில் நிறுத்த வேண்டுமே. எதிரில் இருக்கிற புரோட்டா கடையில் ஒரு உருண்டை மாவு கேட்டேன். புரோட்டா வாங்கினால்தான் தருவேன் என்பதுபோல மாஸ்டர் பார்த்தார். ரெண்டு புரோட்டா வாங்கிக்கொண்டேன். மெஷினில் நெற்றி வைக்கிற கம்பியில் மாவை அப்பி, குண்டை அதில் பதித்து, விளக்கைப் போட்டேன்.

அஞ்சு நூல் குண்டுக்கு நாற்பத்திரெண்டரை வர வேண்டும், எந்தப் பக்கம் பார்த்தாலும். இடது குமிழில் நாற்பத்திரெண்டரை வந்தது. வலது குமிழில் நாற்பத்திநாலரை. குண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பதித்தேன். நாற்பத்திரெண்டரை, நாற்பத்திநாலரை. தலைகீழாக்கினேன். அதேதான். ஆக இரும்புக் குண்டுக்கும் கரிசல் கண். அதனுடைய பாட்டன் முப்பாட்டன் எந்தக் காட்டில் நின்று மழைக்கு வானத்தைப் பார்த்தார்களோ தெரியவில்லை.

பேச்சிராஜா அண்ணாச்சி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பூஜைக்கு இந்த மெஷின என்ன செஞ்சிய?"

"தொடச்சேன். பொட்டு வச்சேன். அம்புட்டுதான்."

"எதையும் கழட்டலையே?"

"தொடச்சேன்னு சொல்லுதேன்லா." வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவர் நடையில் அவசரம் இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் அவர் எப்போதுமே அப்படித்தான் நடப்பார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. சங்கத் தலைவர் வந்தார், பத்திரிகைக்காரர் வந்தார், லென்ஸ் கம்பெனிக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். வள்ளிமயில் பச்சை உடுப்பு மாட்டி, வலது புருவத்துக்கு மேல் மையால் குறி வைத்து, என் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குண்டை மாவில் பதித்தே வைத்திருந்தேன், டாக்டர் உள்ளே வந்ததும் மெஷின் விளக்கைப் போட்டேன்.

"சார், ஒரு நிமிசம் இதைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"டிராக்டர் பேரிங்ல போடுற குண்டு சார். இதுக்கும் ரெண்டு சிலிண்டர் காட்டுது."

"சுதா, இது கண்ணை அளக்கிற மெஷின். இரும்பை அளந்தா எப்படி வேணும்னாலும் காட்டும்."

"மெஷினுக்குக் கண்ணா இரும்பான்னு தெரியாது சார். எதிரே பளபளப்பா, வளைஞ்சு இருந்தாப் போதும், அளந்துரும்."

"குண்டு நெளிஞ்சிருக்கும்."

"திருப்பி வச்சுப் பாருங்க. குண்டு நெளிஞ்சிருந்தா நெளிவும் கூடத் திரும்பணும்."

அவர் திருப்பினார். பார்த்தார். இன்னொரு தடவை திருப்பினார். விரலெல்லாம் மாவு ஒட்டியது. ஆறேழு தடவைக்குப் பிறகு நிமிர்ந்து, கதவுக்கு வெளியே மைக் டெஸ்ட் பண்ணுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"தெரியும் சார். இவியளுக்கு இருக்கது ஒரு கண்ணு."

எனக்குப் பயம்தான். வேலை போனால் கடம்பூரில் போளி தட்ட வேண்டியதுதான், அதுவும் எனக்கு வட்டமாக வராது. ஆனால் அந்த ஒரு கண்ணையும் கெடுத்துவிட்டு மறுநாள் அதே நாற்காலியில் இன்னொருத்தரை உட்காரச் சொல்வதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. டாக்டர் அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

அதற்குள் வள்ளிமயில் வாயைத் திறந்தார்.

"ஏந்தாயி, அந்தக் குண்டுக்கும் எனக்கும் ஒரே நோயா?"

"மெஷின் அப்படித்தான் சொல்லுது, பெரியம்மா."

"அப்ப டாக்டரய்யா, முதல்ல அதுக்கு ஆபரேசன் பண்ணுங்க. நான் இருந்து பாத்துட்டு, பெறவு வாரேன்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கடையில் முதல் ஆள் சாமான் வாங்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிற மாதிரிச் சொன்னார். டாக்டருடைய காது சிவந்தது. மாவு விரலைத் தன் பச்சை உடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"ஆவணி அளவு எங்க?" என்று கேட்டார்.

சீட்டைக் கொடுத்தேன். நாற்பத்திநாலு, நாற்பத்திநாலேகால். ஒன்றுக்கு ரெண்டு தடவை படித்துவிட்டு, சாதாரண லென்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி நர்ஸுக்குக் குரல் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. வெளியே போய் மைக்கைப் பிடித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"ஒவ்வொரு கண்ணுக்கும் எது தேவையோ அதை மட்டும் வைப்பதுதான் எங்கள் ஆஸ்பத்திரியின் கொள்கை" என்று பேசினார். "விலை உயர்ந்த லென்ஸ் தயாராக இருந்தும், கடைசி நிமிடப் பரிசோதனையில், இந்தத் தாய்க்குச் சாதாரண லென்ஸே போதும் என்று கண்டறிந்துள்ளோம்." முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். லென்ஸ் கம்பெனிக்காரர் மட்டும் இனிப்புப் பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பேனரை மத்தியானமே இறக்கிவிட்டார்கள், இப்போது ஜெனரேட்டரை மழை நனைக்காமல் மூடியிருப்பது அதுதான். கரிசல் கண் என்ற நோய் அன்றைக்குக் காலையோடு அந்தப் பகுதியிலிருந்து முற்றிலும் ஒழிந்துவிட்டது.

ஆபரேசன் இருபது நிமிசத்தில் முடிந்தது. அதன்பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பூஜைக்குப் பிறகு அளந்த அத்தனை பேருக்கும் போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னார். மெஷின் எப்படிக் கெட்டது என்பதுதான் பிடிபடவில்லை. கரண்ட் கூடக் குறைய வந்திருக்கும் என்றார் டாக்டர். தயாரிப்பே கோளாறு என்றார் மானேஜர். பேச்சிராஜா அண்ணாச்சி கருத்து எதுவும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து மெக்கானிக் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்று மெஷின்மேல் ஒரு தாள் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் வள்ளிமயிலுக்குக் கட்டுப் பிரித்தேன். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. தண்ணீரைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்குகிற எழுத்துப் பலகையைக் காட்டினேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு இறங்கினார். கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் தடுமாறவே இல்லை. அழுதுவிடக் கூடாதென்று சீட்டில் தேதி எழுதினேன், தப்பாக எழுதி அடித்து எழுதினேன். டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பேச்சிராஜா அண்ணாச்சி வாளியோடு நின்றார்.

"எப்படி இருக்கு, பெரியம்மா?"

"கழுவி விட்ட மாதிரி இருக்கு, தாயி." அறையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா" என்றார். பிறகு பக்கத்து மேசையில் இருந்த மெஷினைப் பார்த்துக் குனிந்தார்.

"ஏந்தாயி, இந்தப் பொட்டு ஏன் ரெண்டு துண்டாக் கெடக்கு?"

"எந்தப் பொட்டு? அது நெத்தியில முழுசாத்தான இருக்கு."

"அது புதுசு. நான் சொல்லுதது பழைய பொட்டு, இந்தா, இந்தக் குமிழ்ல. கழுவியும் கறை போவல. பாதி குமிழ்ல இருக்கு, மறு பாதி இந்த நம்பர் வட்டத்துல தள்ளிப் போயிக் கெடக்கு. யாரோ கழட்டி மாத்தி மாட்டியிருக்காவ."

குனிந்து பார்த்தேன். வலது குமிழ். போன வருச ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஊறி இளஞ்சிவப்பாக நின்றது. குமிழில் ஓர் அரை வட்டம். அதோடு பொருந்த வேண்டிய இன்னோர் அரை வட்டம் எண் வளையத்தில், சரியாக ரெண்டு எண் தள்ளி. டாக்டர் உள்ளே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம்.

"கழட்டாம எப்படிங்க உள்ள இருக்க அழுக்குப் போவும்?" என்றார் பேச்சிராஜா அண்ணாச்சி.

அந்தக் குமிழை அவர் கையால் கழற்றி, கழுவி, மாட்டியிருக்கிறார். நான் அதை நூறு தடவையாவது பிடித்துத் திருகியிருக்கிறேன். டாக்டர் அது சொன்ன எண்ணை வைத்து ஒரு நோயே கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கண் இருக்கிறது. வள்ளிமயிலுக்கு இருப்பது ஒன்று, அதற்கும் கட்டுப் பிரித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.